தரவையில் கேட்ட இரண்டாவது எஞ்சின்

"இவள் சொல்லி அவள் கேக்கிறதோ? கழுதைக்குச் சொன்னாலாவது காதை ஆட்டும்."

மாமி இதைச் சொன்னபோது நான் அவருக்கு முன்னால்தான் நின்றேன், தோளில் பள்ளிக்கூடப் பையோடு. எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டையும் மாமா வீட்டையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குக் கடல், அம்மாவுக்குக் கருவாடு, மாமாவுக்கு மீன் லொறி. ஆகவே யாருக்காவது புத்தி சொல்ல வேண்டி வந்தால் என்னைத் தேடத் தொடங்கியிருந்தார்கள். அந்த முறை புத்தி கேட்க வேண்டியவள் மாமாவின் ஒரே மகள், என் மச்சாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ரேஸ் கார் ஓட்டப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களே, உங்களிடமும் இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்தானே? நம்மில் சிலர் ஆசிரியர்கள், சிலர் வங்கியில், சிலர் அரசாங்கக் கச்சேரியில். 'இவளுக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ, நீங்கள் சொன்னால் கேப்பாள்' என்று யாராவது ஒரு தாய் வாசலில் வந்து நிற்கிறாள். அப்படி ஒரு தாய் போன மாதம் என்னிடமும் வந்தாள். அதன் பிறகுதான் என் பதின்மூன்றாம் வயதின் சோளகக் காற்றுக் காலத்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அடக்கமாக எழுத மாட்டேன். அன்று நான் சொன்ன புத்தி சரியான புத்தி. அது சரியென்று தெரிய நெடுங்காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

மச்சாளுக்கு அந்த ஆசை ஐஸ் விற்கும் இடத்தில் பிடித்தது. மாமாவோடு ஐஸ் ஏற்றப் போனவள் அங்கே இருந்த தொலைக்காட்சியில் கார்கள் வட்டமடித்து ஓடுவதைக் கண்டாள். தலையில் சுமந்த ஐஸ் கட்டியைப் பலகையோடு இறக்கி வைத்துவிட்டு நின்றாளாம். உருகிய தண்ணீர் அவள் காலைச் சுற்றி ஓடி, வாசற்படியால் இறங்கி, வீதிக்குப் போன பிறகும் நின்றாளாம். வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னாள்.

"அம்மா, நான் ரேஸ் கார் ஓடப் போறன்."

"ஓடு, ஓடு. முதல் அந்தச் சூடைக் கருவாட்டைப் பிரட்டிப் போட்டிட்டு ஓடு."

மாமி அதை விளையாட்டாக எடுத்தார். ஆனால் மச்சாளுக்கு அதற்கு முன்பே ஓட்டத் தெரியும். மாமாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கரையில் அவர் மீன் பெட்டி தூக்கும்போது அலை ஏறி வந்தால் லொறியைப் பின்னுக்கு எடுக்க ஒரு ஆள் வேண்டும். அதற்காகவே பதினாலு வயதில் அவளுக்குக் கிளச்சும் கியரும் காட்டிக் கொடுத்திருந்தார். மணலில் பின்னுக்கு ஓட்டப் பழகியவளுக்கு முன்னுக்கு ஓட்டுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. கருவாடு காயப்போடும் வாடியில் வேலை செய்துகொண்டே வாயால் கியர் மாற்றுவாள். மீன் கீறும் கத்தி எலும்பைத் தொடும் இடத்தில் அந்தச் சத்தம் இரண்டாம் கியருக்கு இறங்கும்.

எல்லோரும் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். பங்குச் சுவாமி ஒருநாள் பூசை முடிந்து அவளை நிற்பாட்டினார்.

"மகள், வேகம் பிசாசின்ர குணம்."

"அப்ப சுவாமி, ரெண்டாம் பூசைக்குப் பிந்தினா நீங்கள் ஏன் மோட்டார் சைக்கிளை அந்த முறுக்கு முறுக்கிறனீங்கள்?"

சுவாமி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவரே சிரித்த பிறகு வேறு யார் சொல்லி அவள் கேட்பாள்?

மாமாவின் புத்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவர் ஓட்டாதே என்று சொல்லவில்லை.

"ஓட்டுறது ஒரு வித்தையில்லைப் பிள்ளை. நிப்பாட்டத் தெரிய வேணும். சத்தம் கேட்டா நிப்பாட்டுவன் எண்டு மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணு. வயது வர நானே கூட்டிக்கொண்டு போய் லைசன்ஸ் எடுத்துத் தாறன். பிறகு ரேஸோ கீஸோ, உன்ர விருப்பம். சத்தியம் பண்ண மாட்டனெண்டால் லொறித் திறப்பை இனித் தொடாதை."

லொறிச் சாவி போனாலும் போகட்டும் என்று மச்சாள் சத்தியம் பண்ண மறுத்தாள். "நிப்பாட்டினால் அது ரேஸ் இல்லை" என்றாள்.

மாமா சொன்ன சத்தம் எது என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் நடுப்பகுதியில் இருக்கிறது. தலைமன்னார் வீதியிலிருந்து இறங்கினால் பனைகள், பனைகளுக்கு அப்பால் ஒரு தரவை, திறந்த வெட்டவெளி. மாரியில் அது முழங்கால் தண்ணீர். சோளகக் காற்று தொடங்கிச் சில கிழமைகளில் தண்ணீர் வற்றி, சேற்றின் மேல் உப்புப் பொருக்கு ஏறும். வெள்ளை வெளேரென்று, தட்டையாக, ஒரு புல்கூட இல்லாமல் கடற்கரை மணல்மேடு வரைக்கும் கிடக்கும். நடுவில், உப்புச் சேர்த்து வைத்த பழைய மடுவம் ஒன்றின் ஒற்றைச் சுவர். ஓரத்து உடைமர நிழலில் கழுதைகள். மத்தியானத்தில் அங்கே பார்த்தால் சுவர் தரையைவிட்டு எழும்பி மிதக்கும்.

அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்கும். தூரத்தில் ஒரு வாகனம் வருகிற சத்தம். வரும், வரும், வந்துகொண்டே இருக்கும். வாகனம் இருக்காது.

அது பெரிய மாமாவின் வான் வண்டி என்று சொல்வார்கள். பெரிய மாமா என்றால் மாமாவின் தமையன். நான் பிறக்கப் பல வருடங்களுக்கு முன்பு, ஊரே இடம்பெயர்ந்த நாட்களில், பிரதான வீதியால் போக முடியாமல் அவர் தரவைக்குக் குறுக்கால் வான் ஓட்டி ஆட்களை அக்கரை மணல்மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். ஆட்களையெல்லாம் இறக்கிவிட்டுச் சட்டிபானை எடுக்கத் தனியாகத் திரும்பினார். சிறுவனாக இருந்த மாமா பனையடியில் அவருக்காகக் காத்திருந்தார். எஞ்சின் சத்தம் கேட்டது. அதோடு இன்னொரு எஞ்சினும் கேட்டது. பிறகு இரண்டும் இல்லை. அன்றே மழை பிடித்தது. ஊருக்குள் யாரும் திரும்ப முடியவில்லை. மறு கோடையில் வந்து பார்த்தபோது தரவை வெள்ளையாகத் தட்டையாக இருந்தது. வானும் இல்லை, ஆளும் இல்லை.

கடலில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனிப்புகார் மூடிக் கிடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத எஞ்சின் சத்தம் ஒன்று கேட்டால், உடனே உன் எஞ்சினை நிற்பாட்ட வேண்டும். காதைக் கொடு. மற்றவன் எந்தப் பக்கத்தால் போகிறான் என்று அறி. அவன் போன பிறகு நீ எடு. தகப்பன் மகனுக்குச் சொல்லும் முதல் பாடம் அதுதான். நிற்பாட்டாதவனின் படகைக் கரையில் பலகையாகத்தான் காணலாம் என்பார்கள்.

பெரிய மாமா நிற்பாட்டவில்லை, அதனால்தான் அது அவரைக் கொண்டுபோனது என்று ஊர் முடிவு செய்தது. அதன் பிறகு கடல் வழக்கம் தரைக்கும் ஏறியது. தரவை ஓர வீதியில் மத்தியானம் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்கள் லொறியோ மோட்டார் சைக்கிளோ அப்படியே ஓரங்கட்டி, திறப்பைத் திருப்பி எஞ்சினை அணைப்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். பின்னால் வருகிற வெளியூர்க்காரர் ஹோன் அடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள். சத்தம் அடங்கியதும் எங்கள் ஆட்கள் சிலுவை போட்டுவிட்டு எடுப்பார்கள். ஒருநாள் வீதியில் எல்லோரும் இப்படி நின்றபோது, மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மச்சாள் லொறியை நிற்பாட்டாமல் ஓட்டிக்கொண்டு போனாள். வீட்டில் சண்டை வெடித்ததும் மாமா சத்தியம் கேட்டதும் அதற்காகத்தான். மாமா என்னிடம் வந்தது அதற்குப் பிறகு.

"நீ படிச்சனீ. எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அவளைச் சத்தியம் பண்ண வை."

எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் அதைச் சொல்லப் பெருமைதான்.

ஆவணி விடுமுறை. மாமா விடியவே மன்னார்ச் சந்தைக்குப் போய்த் திரும்பி, சாப்பிட்டுவிட்டு மத்தியானம் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். நான் என் புத்திமதிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். மச்சாள் லொறியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர் வாங்கோ, ஏறுங்கோ. புத்தியை ஓடி ஓடிச் சொல்லலாம்."

"எங்க போறாய்?"

"பேயிட்ட."

லொறியைத் தள்ளிப் பனையடி வரைக்கும் கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் பண்ணினாள். தரவையில் இறங்கியதும் நான் கீழே பார்த்தேன். வெள்ளைப் பொருக்கின் மேல் சக்கரத் தடங்கள் வட்டம் வட்டமாகக் கிடந்தன. அந்தத் தடங்களைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. பெரிய மாமா பாதை தேடுகிறார் என்று அம்மா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார்.

"எடி, இது உன்ர தடமோ?"

"பின்னே? பேய் பேயெண்டு சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு ரேஸ் றோட்டையே விட்டுத் தந்திட்டினம்."

அவள் ஓட்டியதை நான் எப்படி எழுத? நான் அதற்கு முன் வேகத்தைக் கண்டதில்லை. பழைய லொறி, மீன் வாடை, தகரம் அடிக்கும் சத்தம். ஆனால் வளைவில் அவள் கை ஸ்டியரிங்கில் கிடந்த விதம், எங்கள் அப்பா சுக்கானில் கை வைத்திருப்பது போல இருந்தது. பிடிக்காமல் பிடித்திருந்தாள். பொருக்கு சக்கரத்தின் கீழ் அப்பளம்போல் நொறுங்கியது. அவள் பல்லைக் கடித்திருந்தாள், சிரித்தாள் என்றும் சொல்லலாம்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மடுவச் சுவரின் பக்கமிருந்து வந்தது. நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். மச்சாள் என்னைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தாள். சத்தமும் அணைந்தது. ஸ்டார்ட் பண்ணினாள். அதுவும் தொடங்கியது. ஹோன் அடித்தாள். கொஞ்சம் பிந்தி, சுவரும் ஹோன் அடித்தது. உடைமரத்தடிக் கழுதைகள் வாலை ஆட்டிக்கொண்டு எங்களையே பார்த்தன.

"எதிரொலி!" என்று கத்தினேன். விஞ்ஞானப் பாடத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். "வீதியில போற வாகனங்களின்ர சத்தம் சுவரில பட்டுத் திரும்புது. அவ்வளவுதான். அதுக்குத்தான் இவ்வளவு காலமும் சிலுவை போட்டவை!"

"எனக்குத் தெரியும். நீ படிச்ச பேர் வைச்சிருக்கிறாய், நான் சுவர் எண்டு வைச்சிருந்தனான்."

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. எதிரொலிதானே, நீ நிற்பாட்டினால் அதுவும் நிற்கும். பிறகு எடுத்துக்கொண்டு போ. சத்தியம் பண்ணுவதில் உனக்கு என்ன குறைகிறது? தகப்பனுக்கு நிம்மதி, உனக்கு லைசன்ஸ். அவள் ஸ்டியரிங்கில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கொள்ளைக்காரி" என்றாள். "இதுக்குத்தான் பள்ளிக்கூடம் போறியோ?"

அன்று பின்னேரம் மச்சாள் மாதா படத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். மாமா அவள் தலையைத் தடவினார். மாமி என்னைக் கூப்பிட்டு இனிப்பாக ஒரு துண்டு தொதல் தந்து, "கழுதை காதை ஆட்டிப்போட்டுது" என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு மாமியிடம் இல்லை.

அந்த விடுமுறை முழுவதும் நாங்கள் தரவைக்குப் போனோம். மாமா தூங்குவார், நாங்கள் ஓடுவோம். சத்தம் வந்தால் அவள் நிற்பாட்டுவாள், அதுவும் நிற்கும், இருவரும் சிரிப்போம். சில நாள் நான் சுவரைப் பார்த்து, "பெரிய மாமா, சுகமோ?" என்று கூப்பிடுவேன். "சுகமோ" என்று திரும்ப வரும். இப்போது நினைத்தால் அந்தக் குரல் என்னுடையதைவிடக் கொஞ்சம் பாரமாக இருந்தது என்று படுகிறது. அப்போது அப்படி நினைக்கவில்லை.

விடுமுறை முடியும் தறுவாயில் ஒரு காலை லேசாக மழை தூறியது. சோளகம் விழுந்துவிட்டது. மத்தியானம் காற்றே இல்லை. தரவை காய்ந்த மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் வெள்ளை கொஞ்சம் மங்கி, பழைய பல் நிறமாக இருந்தது.

"இண்டைக்குக் கடைசி" என்றாள் மச்சாள். "இனி மழை விழுந்தால் அடுத்த வருசம்தான்."

வழக்கமான வட்டத்தை விட்டு, மணல்மேட்டுப் பக்கம் நீளமாக ஓடினாள். மடுவச் சுவர் எங்களுக்கு மிகவும் பின்னால் போய்விட்டது. அப்போது சத்தம் கேட்டது. பின்னாலிருந்து வரவில்லை. முன்னால், இடப்பக்கமாக, என் பக்கமாக வந்தது. அங்கே சுவர் இல்லை. ஒரு மரம்கூட இல்லை.

மச்சாள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். காலைத் தூக்கினாள். லொறி வேகம் தணிந்தது. அவள் கை திறப்புக்குப் போனது. எங்கள் எஞ்சின் முனகலாக அடங்கியது.

மற்றது அடங்கவில்லை.

அது வந்துகொண்டே இருந்தது. எங்கள் லொறியின் சத்தம் அல்ல அது. இடையிடையே விக்கி விக்கி, மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய எஞ்சின்போல் இருமிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய் வாடையும் வந்தது, காற்று இல்லாத அந்த வெயிலில். நான் யன்னலால் தலையை வெளியே போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கீழே பார்த்தேன். வேகம் குறையக் குறைய எங்கள் முன் சக்கரத்தைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு கறுத்துக்கொண்டு வந்தது. ஓடும்போது நொறுங்கியது இப்போது நொறுங்கவில்லை, வளைந்தது. சக்கரத்தின் ஓரத்தில் தண்ணீர் கசிந்து ஒரு வட்டமாக நின்றது.

மச்சாள் திறப்பைப் பிடித்துவிட்டாள்.

"நிப்பாட்டாதை!" என்று கத்தினேன். "எடி, நிப்பாட்டாதை! மிதி! சத்தியமும் மண்ணாங்கட்டியும், மிதி!"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு லைசன்ஸ், தகப்பன், மாதா படம் எல்லாம் இருந்திருக்கும். நான்தான் சத்தியம் பண்ண வைத்தவள். இப்போது நானே அதை முறிக்கச் சொல்கிறேன். புத்தி சொல்கிறவளுக்கு, தரை மாறும்போது புத்தியை மாற்றவும் தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்திருந்தது.

மிதித்தாள். லொறியின் பின்பக்கம் ஒரு முறை அமிழ்ந்து, ஆடி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு எழும்பியது. அவள் ஸ்டியரிங்கை ஒடித்து, பனைகளின் பக்கம் திருப்பினாள். மற்ற எஞ்சின் எங்களோடு சேர்ந்து திரும்பியது. என் பக்கத்தில், கை நீட்டினால் தொடலாம் என்ற தூரத்தில், அது ஓடி வந்தது. அங்கே பொருக்கு உடைந்து இரண்டு கோடுகளாக எங்களோடு வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. எனக்கு ஒளியும் ஒலியும் தெரியும், கானல் தெரியும், எதிரொலி தெரியும். அந்த இரண்டு கோடுகளுக்கு என்னிடம் பெயர் இல்லை.

"பாக்காதை" என்றாள் மச்சாள். "முன்னுக்குப் பார். எனக்குத் தரையைச் சொல்லு."

நான் சொன்னேன். கறுப்பு இடம், வலப்பக்கம் எடு. வெள்ளை, நேரே. கறுப்பு, கறுப்பு, இன்னும் வலப்பக்கம். அவள் நான் சொல்லி முடிக்க முன்பே எடுத்தாள். பனையடி மணலில் ஏறி, ஒரு கிடுகு வேலியை முட்டிக்கொண்டு நின்றோம்.

திரும்பிப் பார்த்தேன். கழுதைகள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு, ஒன்றாக, மெல்லத் தலையைத் திருப்பின. எதுவோ அவற்றுக்கு முன்னால் கடந்து போவதுபோல், வலமிருந்து இடமாக, தரவையின் நடுவரைக்கும் பார்த்துக்கொண்டு போயின. அங்கே நின்றன. சத்தமும் அங்கேயே நின்றது. தேய்ந்து போகவில்லை. யாரோ திறப்பை மூடியது மாதிரிச் சட்டென்று நின்றது.

பனையடியில் மாமா நின்றார். விழித்துப் பார்த்து லொறியைக் காணாமல் சாரத்தோடு ஓடி வந்திருந்தார். அவர் முகம் தரவை நிறத்தில் இருந்தது. அவருக்கும் இரண்டு எஞ்சினும் கேட்டிருந்தது, சிறுவனாக அதே இடத்தில் நின்றபோது கேட்டதுபோல.

"நிப்பாட்டினியோ?" என்று மகளிடம் கேட்டார்.

"இல்லையப்பா."

"சத்தியம் பண்ணினியே."

"நான்தான் மாமா நிப்பாட்டாதை எண்டு சொன்னனான்" என்றேன். "நிப்பாட்டியிருந்தால் புதைஞ்சிருப்பம். சக்கரத்தைப் பாருங்கோ."

அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "படிச்சவளெண்டு உன்னட்டை விட்டன்" என்றார். லொறிக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்து, கழுத்தில் கிடந்த உத்தரியக் கயிற்றில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகு மகளோடு பேச்சு இல்லை. சத்தம் கேட்டும் நிற்காத பிள்ளையை அந்தச் சத்தம் ஒருநாள் கொண்டுபோகும், அதைப் பார்க்க அவரால் முடியாது என்று மாமியிடம் சொன்னாராம். அடுத்த வருடமே மச்சாளைத் தெற்கில், நீர்கொழும்புப் பக்கம், மாமியின் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலைக் கம்பனி வேலை என்று போனவள், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கராஜில் நின்றாள். பிறகு மற்ற நாட்களிலும் அங்கேயே நின்றாள். கராஜ் முதலாளியிடம் ஒரு ரேஸ் கார் இருந்தது. இவள் ஓட்டிப் பார்த்த பிறகு தன் ஓட்டுநரை மாற்றினார். தொலைபேசியில் தாயோடு பேசுவாள், என்னோடு பேசுவாள். தகப்பனோடு இல்லை.

நான் பல்கலைக்கழகம் போனேன், ஆசிரியையாகத் திரும்பி வந்தேன். தீவின் கரையில் காற்றாலைகள் எழும்பிய காலத்தில் தரவைக்குக் குறுக்கே ஒரு கிரவல் பாதை போட்டார்கள். தோண்டியபோது வான் வந்தது. கூரை முதலில், பிறகு கண்ணாடி. உப்பும் சேறும் அதை அவ்வளவாகத் தின்னவில்லை. பெரிய மாமா உள்ளே இருந்தார், ஓட்டுநர் இடத்தில்.

அடையாளம் சொல்ல மாமாவைக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். அவர் எலும்புகளைப் பார்த்து அழுவார் என்று நினைத்தேன். அவர் கியர்த் தடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது நியூட்ரலில் இருந்தது. திறப்பு மூடிய பக்கம் திரும்பியிருந்தது.

"சேத்தில இறுகினவன் கியரில விட்டு முறுக்கிக்கொண்டிருப்பான்" என்றார் மெல்ல. "இவன் இறுகேல்லை. இவன் நிப்பாட்டினவன். திறப்பை மூடிப்போட்டுக் காதைக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறான். எங்கட அப்பு படிப்பிச்ச மாதிரியே."

பொருக்கு ஓடுகிறவனைத் தாங்கும், நிற்கிறவனைத் தாங்காது. கடலில் உயிரைக் காத்த வழக்கம், தரையில் அவரை மெல்ல மெல்லக் கீழே இறக்கிவிட்டது. ஊரோ அவர் நிற்பாட்டாததால்தான் போனார் என்று சொல்லிச் சொல்லி, எல்லோரையும் நிற்கப் பழக்கியிருந்தது. ஆனால் அவர் கேட்ட அந்த மற்ற எஞ்சின் எது என்று மாமாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவரை அடக்கம் செய்த பிறகும் சோளக மத்தியானங்களில் அது கேட்கிறது. மடுவச் சுவரைப் பாதைக்காக இடித்துவிட்டார்கள். ஆனாலும் கேட்கிறது.

அன்று முதல் சத்தம் கேட்டாலும் மாமா வீதியில் லொறியை நிற்பாட்டுவதில்லை. அதை யாரிடமும் விளக்கவுமில்லை. மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவுமில்லை. தொலைபேசியில் மாமி பேசும்போது மட்டும் வானொலியைக் குறைத்து வைப்பார். காது கொடுப்பது அவருக்குப் பழக்கமான வேலை. வாய் திறப்பதுதான் கஷ்டம்.

போன மாதம் என் வாசலுக்கு வந்த தாயின் மகளும் கார் ஓட்ட ஆசைப்படுகிறவள்தான். அவளுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். எங்கே ஓட்டுகிறாய், கீழே என்ன தரை என்று கேட்டேன். பதில் சொன்னாள். மச்சாளின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து அனுப்பினேன். தாய்க்கு என்மேல் கோபம். இருக்கட்டும்.

அதன் பிறகு எனக்கு இன்னொரு வேலை மிச்சமிருப்பது தெரிந்தது. நாளைக்குக் காலையில் தெற்கில் ஒரு போட்டி. மச்சாள் ஓடுகிறாள். நான் பாடசாலையில் லீவு எடுத்துக்கொண்டு, மாமாவின் கண்ணைக் கொழும்பில் ஒரு டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லி, விடிகாலை ரயிலில் ஏற்றிவிட்டேன். இதை அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். மன்னார்ப் பாலம் தாண்டும்வரை அவர் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு மேலே இருந்த பையை மூக்கால் காட்டினார்.

"கண் டொக்டருக்கு எதுக்குப் பிள்ளை பாரைக் கருவாடு?"

"மாமி கட்டித் தந்தவ."

"ம்."

மடு வீதி நிலையத்தில் ரயில் நின்றது. கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றது. எதிரே மன்னார் போகிற பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. மாமா எழுந்தார். நான் பேனையை மூடினேன். அவர் பையை இறக்கி மடியில் வைத்து, கருவாட்டுப் பொதியை இன்னொரு கடதாசியால் சுற்றி, இறுக்கிக் கட்டினார்.

"அந்த இடம் சரியான வெயிலோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா. நிழலே இல்லையாம்."

"வீட்டிலேயே சொல்லியிருந்தால் தொப்பியொண்டு எடுத்து வந்திருப்பன்."

என் பையைத் திறந்து அவருக்கென்று வாங்கி வைத்திருந்த தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். ரயில் புறப்பட்டது.